மல்லாட்டை ஏறிய எடை மெஷின்

அப்பாவுக்கு இதயம் பலவீனம். உடம்பில் நீர் கோத்தால் மூச்சு முட்டும். இரண்டு நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர், உடனே வர வேண்டும் என்று சொல்லி, சென்னை ஆஸ்பத்திரியில் ஓர் எடை மெஷினையும் எங்கள் தலையில் கட்டினார்கள். ஏறி நின்றால் போதும், எடை தானாகவே ஆஸ்பத்திரிக்கும் பெங்களூரில் இருக்கும் என் தம்பி போனுக்கும் போய்விடும். ஏறுவது யார் என்று மட்டும் அதற்குத் தெரியாது. அவ்வளவு புத்திசாலி மெஷின்.

எங்கள் பெருமுக்கல் பக்கம் மல்லாட்டை பிடுங்கினால் வியாபாரியின் தராசை ஒருவரும் நம்ப மாட்டார்கள். வண்டியில் ஏற்றுமுன் வீட்டில் ஒருமுறை எடை போட்டாக வேண்டும். மெஷின் வந்தது தெரிந்ததும் தெருவே மூட்டையோடு வந்தது. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "கிராம் வரைக்கும் காட்டும், ஏத்து ஏத்து" என்று நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

அன்றே ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் பேசினாள்.

"மேடம், சார் காலைல அம்பத்தெட்டு கிலோ. இப்ப நாப்பத்தொண்ணு. சாப்பிடறாரா?"

"அது மல்லாட்டை மூட்டைம்மா."

"வேர்க்கடலை சாப்பிடலாம் மேடம், உப்பு போடாம."

அடுத்து தம்பி. "அக்கா, மீட்டிங்ல உக்காந்துகினு இருக்கேன், நிமிஷத்துக்கு ஒரு அலாரம். ஒரே பேஜாரு. நான் ஆஃப் பண்ணிட்டேன். ஆஸ்பத்திரியிலயும் கூப்பிடாதீங்கன்னு சொல்லிட்டேன்."

"நல்லதாப் போச்சு" என்றேன். நானும் லேசுப்பட்டவள் இல்லை.

ஒரு வாரம் கழித்து அப்பா வாசலில் செருப்போடு மல்லுக்கட்டினார். "எவன் என் செருப்ப மாத்திக்கினு போனான்? கால் உள்ள போவல." செருப்பு அவருடையதுதான். கால்தான் வீங்கியிருந்தது. இரண்டு நாளாக உட்கார்ந்தே தூங்கினார். புழுக்கம் என்றார், நம்பினேன்.

ஆட்டோவில் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நர்ஸ் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினாள். விழுந்த குழி அப்படியே நின்றது. "வீட்ல யாருமே பாக்கலியா?" என்றாள். மெஷின் இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தம்பியைக் கூப்பிட்டேன். போனில் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மூணு கிலோ ஏறியிருக்குக்கா. மூட்டைங்களுக்கு நடுவுல கரெக்டாத்தான் காட்டியிருக்கு."

"அப்ப அதுவே ஆட்டோ புடிச்சிக்கினு வந்திருக்கலாமேடா."

ஊசி போட்டு நீர் வெளியேறியதும் அப்பா கண்ணைத் திறந்து கேட்டார்: "எதிர்வீட்டு மூட்டை எடை போட்டாச்சா?"

பிழைத்துவிட்டார் என்று அப்போதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. திட்டவும் ஆரம்பித்தேன்.

இப்போது மெஷின் பீரோவுக்குள். "பூட்டி வச்சி இன்னாடி பண்ணப் போற, பூஜையா?" என்கிறாள் எதிர்வீட்டுக்காரி. காலையில் அப்பாவை மட்டும் ஏற்றுகிறேன். எண்ணைப் பார்க்கிறேன். பிறகு குனிந்து காலையும் அழுத்திப் பார்க்கிறேன். தம்பி அலாரத்தைத் திரும்பப் போட்டானா என்று கேட்கவில்லை. குழி விழுந்தால் ஆட்டோ பிடிக்கப் போவது நான்தான்.