கறுத்தப் பாண் வாங்க ஃபின்ச் பஸ்ஸில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தப் பயணத்தில் மலை இல்லை, அருவி இல்லை, சூரியன் மறையும்போது நான் கைவிரித்து நிற்கும் படமும் இல்லை. ஸ்காபரோ மல்வேர்னிலிருந்து பஸ் பிடித்து, ரொறன்ரோவின் மறுபக்கத்தில் இருக்கும் ரஷ்யக் கடையொன்றுக்குப் போய், ஒரு கறுத்தப் பாணும் (பாண் என்றால் பிரெட்) கொஞ்சம் அப்பிளும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். ஆகவே இது பயணக் கட்டுரை என்பதைவிடப் பாண் கட்டுரை. இதே வேலையாகப் போக நினைப்பவர்களுக்காக நேரம், செலவு எல்லாம் சரியாகக் குறித்திருக்கிறேன். மிச்சம் எனக்காக எழுதியது.

போன ஒக்டோபரில் எங்கள் குஞ்சியப்பா இறந்துபோனார். குஞ்சியப்பா என்றால் அப்பாவின் தம்பி. பெயரில்தான் குஞ்சு, ஆள் வந்தால் கதவு நிறையும். எங்கள் வீட்டு பேஸ்மென்றில் தனியாக இருந்தார். வேலைத்தலத்தில் மதிய இடைவேளைக்குக் கதிரையில் இருந்தவர் பிறகு எழும்பவில்லை. அவருடைய சாப்பாட்டுப் பெட்டி திறக்கப்படாமலே வீட்டுக்கு வந்தது.

இந்த ஒக்டோபரில் அவருடைய ஆட்டைத் திவசம், ஒரு வருச நினைவு. ஐயர் வந்து போன பிறகு, இறந்தவருக்குப் பிடித்த சாப்பாடுகளைச் சமைத்துப் படத்துக்கு முன்னால் படைப்பது வழக்கம். அம்மா வடை, பாயசம், கத்தரிக்காய்க் குழம்பு என்று அடுக்கிக்கொண்டு போனார். குஞ்சியப்பாவுக்கு உண்மையில் பிடித்தது அதில் வரவேயில்லை. அதன் பெயர் ஷார்லொத்கா.

அப்பாவும் அவரும் கனடாவுக்கு நேராக வந்தவர்கள் அல்ல. அந்தக் காலத்தில் இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்த எங்கள் ஆட்கள் பலருக்கு நடந்ததுதான் அவர்களுக்கும் நடந்தது. கனடாவுக்குக் கூட்டிப்போவதாகக் காசு வாங்கிய ஏஜென்சிக்காரன் மொஸ்கோவில் ஓர் அறையில் கொண்டுபோய் விட்டுவிட்டுக் காணாமல் போக, ஒரு பனிக்காலம் முழுக்க அங்கே கிடந்திருக்கிறார்கள். கீழ்வீட்டுப் பெண் ஒருத்தி மிஞ்சிய கறுத்தப் பாணும் புளிப்பு அப்பிளும் கொண்டுவந்து கொடுத்து, அதை வைத்து என்ன செய்யலாம் என்றும் காட்டியிருக்கிறாள். காய்ந்த பாணைத் தூளாக்கி, அப்பிளோடு அடுக்கி, சூட்டில் வைப்பது. அதுதான் ஷார்லொத்கா. கனடா வந்த பிறகு ஒவ்வொரு ஒக்டோபரிலும் குஞ்சியப்பா அதைச் செய்வார். முதல் துண்டு அப்பாவுக்கு. இருவரும் கீழே ஒன்றாக இருந்து சாப்பிடுவார்கள்.

அவர் போன நாளிலிருந்து அப்பா பேஸ்மென்ற் படியில் கால் வைக்கவில்லை. அழவில்லை. தம்பியின் பெயரைக்கூடச் சொல்வதில்லை. அடுத்த முதலாம் திகதி அங்கே வாடகைக்கு ஆட்கள் வருகிறார்கள். அதற்குப் பிறகு அது யாரோ ஒருவருடைய வீடு. அதற்கு முன் ஒரே ஒரு தடவையாவது அப்பா கீழே இறங்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. என் திட்டம் சின்னது. குஞ்சியப்பாவின் அடுப்பிலேயே ஷார்லொத்கா செய்வேன். மணம் மேலே ஏறும். அப்பா கீழே வருவார்.

திட்டம் போடுவதில் எனக்கு அனுபவம் உண்டு. எனக்கும் குஞ்சியப்பாவுக்கும் இடையில் நிரந்தரப் போர் நடந்தது. நான் அவருடைய ரிமோட்டின் கண்ணை ஒட்டுநாடாவால் மறைத்தால், அவர் என் பள்ளிக்கூடச் சப்பாத்துக்குள் சோளப்பொரி நிரப்புவார். கடைசியாக நான் அவருடைய தேநீரில் உப்பைப் போட்டேன். மனுசன் முகம் சுழிக்காமல் முழுக் கோப்பையும் குடித்துவிட்டு, "நல்ல தேத்தண்ணி. பொறு பிள்ளை, அடுத்தது என்ர முறை" என்றார். அடுத்த கிழமை அவர் இல்லை.

சனிக்கிழமை காலை 9.10க்கு, ஃபின்ச் கிழக்குப் பாதையில் ஓடும் 39ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினேன். இளையோர் கட்டணம் 2.35 டொலர், இரண்டு மணித்தியாலத்துக்குச் செல்லும். அப்பாவிடம் நூலகம் போவதாகச் சொல்லியிருந்தேன். அம்மாவுக்கு மட்டும் உண்மை தெரியும். ஃபின்ச் ரயில் நிலையம் வரை கிட்டத்தட்ட 16 கிலோமீற்றர், 55 நிமிடம். மல்வேர்னில் ஏறும்போது இருக்கை கிடைக்கும். வேலைக்குப் போகிற ஆட்கள் பாதி வழியில் ஏறி நிறைத்துவிடுவார்கள். இடது பக்க ஜன்னலோரம் வேண்டாம். அங்கேதான் வெயில் சுடும்.

ஃபின்ச்சில் இறங்கி 60ஆம் இலக்க பஸ் எடுத்து ஸ்டீல்ஸ் வழியாகப் பதர்ஸ்ட் சந்திக்குப் போனேன். காத்திருப்போடு இன்னொரு 30 நிமிடம். அந்தப் பக்கத்துப் பெயர்ப்பலகைகளில் ரஷ்ய எழுத்துகள் தலைகீழாக்கிய ஆங்கிலம் மாதிரி நிற்கும். எனக்கு அதில் 'பாண்' என்கிற சொல் மட்டும் வாசிக்கத் தெரியும், குஞ்சியப்பா பழக்கியது. அது எழுதியிருந்த கடைக்குள் நுழைந்தேன்.

கடைக்காரப் பெண்மணிக்கு அம்மாவின் வயது இருக்கும். கறுத்தப் பாண் என்றதும் சூடான ஒன்றை எடுத்தார்.

"புதுசு வேண்டாம். பழசு இருக்கிறதா?" என்றேன் ஆங்கிலத்தில்.

"எவ்வளவு பழசு?"

"கல்லாக இருந்தால் நல்லது."

என்னை மேலும் கீழும் பார்த்தார். என் முகம் அப்படி. உண்மை சொன்னாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

"யாருக்கு எறியப் போகிறாய்?"

ஷார்லொத்கா செய்யப் போகிறேன் என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "பாணிலா? இப்போது எல்லோரும் மாவும் முட்டையும் அடித்துத்தான் செய்கிறோம். பாணில் செய்தது என் அம்மாவின் காலத்தில்."

"முட்டை சேர்க்க முடியாது. இது இறந்தவருக்கு வைப்பது. எங்கள் வழக்கப்படி மரக்கறிதான்."

அவருடைய சிரிப்பு நின்றது. உள்ளே போய் முந்தாநாள் பாண் ஒன்றைக் கொண்டுவந்து, தட்டிப் பார்த்து, காகிதத்தில் சுற்றினார். "நாங்களும் இறந்தவரின் படத்துக்கு முன்னால் ஒரு கோப்பை வொட்கா வைத்து, அதன்மேல் கறுத்தப் பாண் ஒரு துண்டு வைப்போம்," என்றார். "யார் உனக்கு?"

"அப்பாவின் தம்பி."

"அப்படியென்றால் அப்பாவுக்கு ஓரத்துத் துண்டைக் கொடு. அதுதான் நல்லது."

அனுதாபத்துக்கு விலையில் ஏதாவது கழிவு கிடைக்கும் என்று நினைத்தேன். கிடைக்கவில்லை. பழைய பாண் 3 டொலர், புளிப்பு அப்பிள் ஒன்றரைக் கிலோ 5.40. திரும்பும்போது இரண்டு மணித்தியாலம் முடிந்திருந்ததால் இன்னொரு 2.35. கடையில் வாயாடாமல் இருந்தாலும் அந்தக் காசு மிஞ்சியிருக்காது, தூரம் அப்படி.

திரும்பி வந்த 39இல் சாரதி எங்கள் ஆள். மடியில் இருந்த பொதியை ஒரு சிவப்பு விளக்கில் திரும்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, உது என்ன, செங்கல்லோ?"

"பாண் அண்ணை."

"பாணோ? எங்கட பக்கம் பாண் இல்லாமலே உவ்வளவு தூரம் போனனீர்?"

"உங்கட பஸ்ஸில போறது எண்டால் பாணும் வழியிலயே பழசாப் போகும். அதுதான் பழசாவே வாங்கிட்டன்."

"வாய் பார்," என்று சிரித்தவர், என் தரிப்பு வந்ததும் கதவைத் திறந்துவிட்டார். அந்த நாளில் நான் சொன்ன ஒரே பகிடி அதுதான். குஞ்சியப்பா இருந்திருந்தால் வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அதை அவருக்குச் சொல்லியிருப்பேன் என்று, இறங்கி நடக்கும்போது தோன்றியது. மிச்ச வழி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு, முழுகிவிட்டு, கீழே போனேன். செய்முறை இதுதான். பாணைத் துருவித் தூளாக்கி பட்டரில் வறுக்க வேண்டும். கறுவாப்பட்டைத் தூள் கொஞ்சம், சீனி கால் கோப்பை. முந்தி அரைக் கோப்பை. சீனி வருத்தம் வந்த பிறகு குஞ்சியப்பா பாதியாக்கிவிட்டார். அப்பிளை மெல்லிதாகச் சீவி, பாண் ஒரு அடுக்கு, அப்பிள் ஒரு அடுக்கு என்று வைத்து, மேலே பாணால் மூட வேண்டும். அவனில் 350 பாகை (ஃபரனைட்), 50 நிமிடம். (அவன் என்றால் யாரடி என்று குஞ்சியப்பா ஒவ்வொரு முறையும் கேட்பார். ஒவ்வொரு முறையும் நான் சிரிப்பேன். பழைய பாண் மாதிரிப் பழைய பகிடிக்கும் ஒரு ருசி உண்டு.)

அவருடைய சுவர்த்தட்டிலிருந்து 'சீனி' என்று எழுதிய டின்னைத்தான் எடுத்தேன். வாயில் வைத்துப் பார்க்கவில்லை. படையலுக்குச் செய்வதை ருசி பார்க்கக் கூடாது. இறந்தவர்தான் முதலில் சாப்பிட வேண்டும். அப்பிள் நினைத்ததைவிட அதிகமாகத் தண்ணீர் விட்டது. மேற்பகுதியில் சீனி உருகிப் பிடிக்க வேண்டும், பிடிக்கவில்லை. பட்டர் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மணம் மட்டும் சரியாக வந்தது. அதே மணம். படியடியில் போய் நின்று காத்திருந்தேன். மேலே அப்பாவின் காலடி கேட்டது. கதவருகே வந்தது, நின்றது. பிறகு கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது.

திட்டம் தோற்றுவிட்டது. நான் தட்டைத் தூக்கிக்கொண்டு மேலே போனேன்.

ஐயர் வந்து, கிரியை முடித்து, போனார். வாழையிலையில் எல்லாவற்றையும் படைத்தோம். பிறகு காகத்துக்கு வைக்க வேண்டும். மல்வேர்ன் காகங்கள் எங்கள் முறைகளை மதிப்பதில்லை. வேலியில் வந்தது ஒரு கறுத்த அணில். வடையை எடுத்தது. ஷார்லொத்காவைக் கடித்துப் பார்த்து, வைத்துவிட்டுப் போய்விட்டது.

"ரஷ்யச் சாப்பாடு அதுக்குப் பிடிக்கேல்லைப் போல," என்றார் அம்மா.

மேசையில் அப்பாவுக்கு ஓரத்துத் துண்டை வைத்தேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கரண்டியால் வெட்டி வாயில் வைத்தார். மென்றார். மெல்லுவது நின்றது. அவருடைய கண்கள் கலங்கின. வேலை செய்துவிட்டது என்று நினைத்து நானும் ஒரு வாய் வைத்தேன்.

உப்பு. கடல் உப்பு.

அம்மாவும் அதற்குள் வாயில் வைத்துவிட்டார். துப்பிவிட்டு என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது.

"இண்டைக்குமாடி? அந்த மனுசன்ர திவசத்திலயுமா உன்ர பகிடி?"

"நான் செய்யேல்லை அம்மா."

"நீ செய்யாமல் வேற ஆர் செய்தது? நீதானே சமைச்சனி!"

"சத்தியமா நான் செய்யேல்லை!"

எத்தனையோ தடவை செய்துவிட்டு இதே சத்தியத்தைச் சொல்லியிருக்கிறேன். செய்யாமல் சொன்னது இதுதான் முதல் தடவை. படத்தில் குஞ்சியப்பா எப்போதும்போலச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்பா கரண்டியை வைத்தார். "பிள்ளை, சீனி எங்க எடுத்தனி?"

"கீழ. குஞ்சியப்பான்ர டின்னில. சீனி எண்டு எழுதியிருந்தது."

அவர் எழும்பினார். கதவைத் திறந்தார். படியில் கால் வைத்தார். நான் பின்னால் ஓடினேன். கீழே இருட்டில் சுவிட்சைக் கொஞ்ச நேரம் தடவினார், அது எங்கே என்று கை மறந்திருந்தது. சுவர்த்தட்டில் இரண்டு டின்கள். 'சீனி', 'உப்பு', இரண்டும் குஞ்சியப்பாவின் கையெழுத்து. அப்பா சீனி டின்னுக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்தார். பிறகு உப்பு டின்னைத் திறந்து என்னிடம் நீட்டினார்.

அதற்குள் இருந்தது சீனி.

தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து அவருடைய சீனியில் தேநீர் போட்டுக் குடித்துவந்தவள் நான். அவர் போன பிறகு அந்தச் சுவர்த்தட்டை யாரும் தொடவில்லை.

"அடுத்தது தன்ர முறை எண்டு சொன்னவர் அப்பா," என்றேன். "எனக்கு வைச்சிருக்கிறார்."

அப்பா சிரித்தார். ஒரு வருசமாக அந்தச் சத்தத்தை நான் கேட்கவில்லை. "மொஸ்கோவிலயும் இவன் உதுதான். அந்தக் குளிருக்குள்ள என்ர சப்பாத்துக்குள்ள தண்ணியை ஊத்தி ஜன்னலுக்கு வெளியில வைச்சவன். காலமை பார்த்தால் ஐஸ். உள்ளது ஒரு சோடிச் சப்பாத்து..." சிரித்துக்கொண்டே தம்பியின் கட்டிலில் இருந்தார். "ரவி," என்றார். "எட ரவி." அதற்குப் பிறகு வந்தது சிரிப்பு அல்ல. நான் பக்கத்தில் இருந்தேன்.

அம்மா படியில் வந்து நின்றார். என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

பிறகு அப்பா மேலே போய், தன் துண்டை முழுவதுமாகச் சாப்பிட்டார். வேண்டாம் என்று நாங்கள் சொன்னதைக் கேட்கவில்லை. இரண்டு செம்பு தண்ணீர் குடித்தார்.

போக நினைப்பவர்களுக்கு: போய்வர 36இலிருந்து 40 கிலோமீற்றர், கடையில் நிற்கும் நேரத்தோடு நாலு மணித்தியாலம். செலவு மொத்தம் 13.10 டொலர். சனிக்கிழமை பதினொன்றுக்குப் பிறகு போனால் முந்தாநாள் பாண் முடிந்துவிடும் என்று கடைக்காரப் பெண்மணி சொன்னார். அப்பிள் எவ்வளவு புளிக்கிறதோ அவ்வளவு நல்லது. படையலுக்கு என்றால் ருசி பார்க்கக் கூடாதுதான், ஆனால் கலக்குவதற்கு முன் சீனியை நக்கிப் பார்த்தால் எந்தப் பிதிரும் கோபிக்கமாட்டார். என் குஞ்சியப்பா மட்டும் கோபிப்பார்.

பேஸ்மென்றை வெறுமையாக்கிவிட்டோம். அப்பாதான் பெட்டிகளைத் தூக்கினார். டின்கள் இரண்டும் இப்போது என் அறையில் இருக்கின்றன, அவர் மாற்றி வைத்தபடியே. கணக்குப்படி இப்போது என் முறை. நல்ல நல்ல யோசனைகள் வந்துகொண்டேயிருக்கின்றன. வைப்பதற்குத்தான் ஆள் இல்லை.