பஞ்சுப்பூவும் தொட்டில் பாசியும்

வடக்கே பனிநாட்டில் கலைமான் மேய்க்கும் இஸ்ஸாத்துக்கு வெள்ளை என்றால் போதும். நோஞ்சான் கலைமானாக இருந்தாலும் வெள்ளையாகப் பிறந்துவிட்டால் அதை விற்க மாட்டான். அவனுக்குத் தலைப்பிள்ளை பிறந்த கோடையில் சதுப்பு முழுக்க வெள்ளை வெளேரென்று பஞ்சுப்பூ பூத்துக் கிடந்தது. சும்மா இருப்பானா? மூட்டை மூட்டையாகப் பறித்து வைத்தான்.

அவன் மனைவி ரிஸ்தென் அதே சதுப்பில் பாசி அள்ளினாள். கிளைகளில் உலர்த்தி, குச்சியும் பூச்சியும் பொறுக்கி எடுத்து, ஒரு தோல்பை நிறையச் சேர்த்தாள். ஈரத்தைக் குடிக்க, மரத்தொட்டிலில் பாசி பரப்பித்தான் அங்கே பிள்ளையைக் கிடத்துவார்கள். இஸ்ஸாத்தின் கண்ணுக்கு அது வெறும் சருகு.

குளிர்கால மேய்ச்சலுக்குக் கிளம்பிய காலை, ரிஸ்தென் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, இஸ்ஸாத் தொட்டிலில் பஞ்சுப்பூவைப் பரப்பிப் பிள்ளையைக் கிடத்தினான். பாசியை வீணாக்கவில்லை. காபிக் கோப்பைகள் உடையாமலிருக்கப் பெட்டிக்குள் அடைத்தான்.

மலைமேட்டில் காற்று பிடித்துக்கொண்டது. கலைமானின் விலாவில் தொங்கிய தொட்டிலிலிருந்து பிள்ளை வீறிட்டது. ரிஸ்தென் கயிற்றைத் தளர்த்திக் கைவிட்டுப் பார்த்தாள். பஞ்சு ஒரு சொட்டுகூடக் குடிக்காமல் ஓரத்தில் ஒதுங்கியிருந்தது. பிள்ளை ஈரத்தில் கிடந்தது. கால்கள் நீலம் பாரித்திருந்தன.

பிள்ளையைத் தன் தோலங்கிக்குள் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"பாசி எங்க?"

"கோப்பைப் பெட்டில."

"ஏன், கோப்பை மூத்திரம் போகுதா?"

முன்னால் போன அவள் அண்ணன் ஆந்தரஸ் திரும்பிப் பார்த்தான். "என்ன மச்சான், பிள்ளைய மேகத்துல படுக்க வச்சியா? மேகம்னா மழை பெய்யத்தானே செய்யும்."

இஸ்ஸாத் கோப்பைப் பெட்டியை இறக்கினான். காற்றுக்கு முதுகு கொடுத்து மண்டியிட்டு, பெட்டியிலிருந்த பாசியை ஒரு இழை விடாமல் பொறுக்கினான். விரல் மரத்துப்போனது. தொட்டிலைத் துடைத்துப் பாசியைத் தடிமனாகப் பரப்பினான்; ரிஸ்தென் பிள்ளையை அதில் கிடத்தினாள். பாசி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ள, பிள்ளையின் காலில் மெல்ல ரத்தம் ஏறியது. அது தூங்கிய பிறகுதான் அவனுக்கு மூச்சு வந்தது.

பஞ்சுப்பூ கோப்பைகளுக்குப் போனது.

அன்று மாலை பெட்டியைத் திறந்தால் ஒரு வெள்ளைக் கோப்பை விரிசல் விட்டிருந்தது. ரிஸ்தென் அதில்தான் காபி ஊற்றி அவனிடம் நீட்டினாள்.

"ஒழுகுதே."

"வெள்ளையாத்தானே இருக்கு. குடி."

ஒழுகிய காபியை நக்கிக் குடித்துவிட்டு, மிஞ்சிய பஞ்சையெல்லாம் ஒரு உறைக்குள் திணித்தான். அந்தத் தலையணையை அவள் பக்கமாக நகர்த்தினான். ரிஸ்தென் அதில் தலை சாய்த்துக்கொண்டாள்.