அறுபது சைக்கிள் டேப் ரெக்கார்டர்

வெளிநாட்டுச் செட்டை நேராக நம் 230 வோல்ட்டில் சொருகிவிட்டு, புகை வந்த பிறகு தூக்கிக்கொண்டு வருகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திண்டுக்கல்லில் ஆடியோ சர்வீஸ் கடை வைத்த இத்தனை வருஷத்தில் அப்படிக் கருகி வந்தவைதான் அதிகம். எரியோட்டிலிருந்து வந்த அழகம்மாள் மட்டும் சொருகாமல் கொண்டுவந்தார்.

அவருக்குப் பூ விவசாயம். மகன் செல்வம் அமெரிக்காவில் வேலை பார்த்த இடத்திலேயே மாரடைப்பில் போய்விட்டான். பழைய ஆடியோ சாமான் வாங்குவதில் அவனுக்குக் கிறுக்கு. அவன் பொருள்களோடு வந்த ஸ்பூல் டேப் ரெக்கார்டர் அது. பின்னால் 110 வோல்ட் என்று போட்டிருந்தது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் கொடுத்து ஓட்டினேன்.

அதில் மாட்டியிருந்த டேப்பில் இரண்டு ஆண்கள் இழுத்து இழுத்துப் பேசினார்கள்.

"சாப்டியா?"

"சாப்டேன்."

"வெஞ்சனம் என்னய்யா?"

"முட்டைதான்."

அழகம்மாள் முகம் தெளிந்துவிட்டது. "தொட்டுக்கிறத வெஞ்சனம்னு கேக்குறாரு பாருங்கண்ணே, நம்ம பக்கத்து ஆளுதான். கூட ஒரு பையன் தங்கியிருக்கான், பயப்படாதன்னு செல்வம் சொல்லிக்கிட்டே இருப்பான். ஆபீஸ்ல கேட்டா, தனியாத்தான் இருந்தான்ங்குறாங்க. நான் நம்பல. அந்தப் பையன் பேரு எங்கயாச்சும் வருதான்னு பாருங்க. கடைசியா என்ன பேசுனான்னு அவன்கிட்டக் கேக்கணும்."

குரல் இழுப்பதற்குக் காரணம் உண்டு. டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், சைக்கிளை, அதாவது கரண்ட் ஒரு நொடியில் எத்தனை தடவை மாறி மாறி ஓடுகிறது என்பதை, மாற்றாது. அங்கே கரண்ட் அறுபது சைக்கிள், நமக்கு ஐம்பது. சைக்கிளை வைத்து வேகம் பிடிக்கிற மோட்டார் இங்கே மெதுவாகத்தான் சுற்றும், குரலும் தடித்துப்போகும்.

"வேகத்தச் சரி பண்ணிட்டா எல்லாம் தெளிவாக் கேக்கும்மா" என்றேன்.

மோட்டார் புல்லியை லேத் பட்டறையில் மாதிரிக்குக் கொடுத்து, வேகம் கூடுவதற்காகக் கொஞ்சம் பெரிதாகப் புதிது ஒன்று கடைந்து வாங்கி மாட்டினேன். அடுத்த வாரம் அவர் வந்ததும் உட்காரவைத்து ஓட்டினேன்.

செல்வத்தின் குரல் இளசாக, கணீரென்று வந்தது. கேள்வி கேட்ட குரலும் தெளிந்தது. அது பெண் குரல். ஆண் ஒருவன் தொண்டையை ஒடுக்கிக்கொண்டு பேசுகிற பெண் குரல்.

"வெஞ்சனம் என்னய்யா? வெறுஞ்சோத்தத் தின்னுட்டுப் படுக்காத."

இரண்டும் அவன்தான். கேட்கவும் பதில் சொல்லவும் அந்த வீட்டில் வேறு ஆள் இல்லை.

அழகம்மாள் ஸ்பூல் சுற்றுவதைப் பார்த்தபடி சொன்னார்.

"அது நாந்தாண்ணே. நான் போன்ல இப்பிடித்தான் கேப்பேன்."

செட்டை நிறுத்தினேன்.

"அப்ப யாரையும் தேட வேணாம்" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

அமெரிக்கச் செட் வந்தால் வோல்ட்டோடு சைக்கிளையும் பாருங்கள் என்று தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் இப்போதும் சொல்கிறேன். அதுதான் முறை. அந்த ஒரு செட்டில் மட்டும் நான் அதைப் பார்க்காமல் விட்டிருக்கலாம்.