நனையாத பலகை

இது நடந்தது. கதை என்று நினைத்துப் படிப்பவர்கள் தாராளமாக அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. ஆனால் ஆல்வினிடம் போய் அப்படிச் சொல்லிவிடாதீர்கள். பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் கொட்டாவி விட்டுக்கொண்டு எழுந்து போகிற ஆளாக இருந்தவன் அவன். அந்த ஆடி மாதத்துக்கு அப்புறம் கொட்டாவி விடுவதில்லை. எழுந்து போவது மட்டும்தான்.

வருடம் 1996. ஆல்வினுக்கு முப்பத்துநாலு வயது. தாராபுரத்துக்குப் பக்கத்தில் பிறந்து, பத்து வருடம் கடற்படையில் இருந்து, கொச்சியில் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டு வந்தவன். ஊருக்குத் திரும்பியதும் உடுமலைப் பக்கம் ஒரு காற்றாலைக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றைத் தினமும் கோபுரத்தின் மேல் ஏறி நின்று வாங்குவான். இவ்வளவு காற்று வீணாகப் போகிறதே, ஓட்ட ஒரு படகு இல்லையே என்பதுதான் அவனுடைய ஒரே குறை.

அந்தக் குறை நரசிம்மலுவின் குடோனில் தீர்ந்தது. நரசிம்மலு உடுமலையில் ஜின்னிங் பேக்டரி வைத்திருந்த பெரியவர். அவர் நிலத்தில் நின்ற காற்றாலைக்குச் சாவி வாங்கப் போன ஆல்வின், பஞ்சுக் குடோன் மூலையில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த படகைப் பார்த்துவிட்டான். இரண்டு பேர் ஓட்டுகிற சின்ன மரப் படகு. விலைக்குக் கொடுப்பீர்களா என்று கேட்டான். விலையெல்லாம் வேண்டாம், எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்றார் பெரியவர். யார் ஓட்டிய படகு என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். ஓசியில் கிடைத்த சந்தோஷத்தில் ஆல்வின் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கூட வேலை செய்யும் பஷீர் டெம்போவில் படகை ஏற்றிக்கொண்டு அமராவதி அணைக்கு வந்தான். ஆல்வின் தன் பைக்கில் பின்னாலேயே போனான். மனைவி அன்புக்கரசியிடம் டூட்டி என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். அணையில் படகு விட அனுமதி கேட்டால் கிடைக்காது என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. ஆள் நடமாட்டமில்லாத கரையாகப் பார்த்து இறக்கினார்கள்.

இரண்டாவது ஆளாகப் பஷீர் ஏறுவதாகத்தான் பேச்சு. அலையைப் பார்த்ததும் பின்வாங்கிவிட்டான்.

“முதலை இருக்கற தண்ணிங்க. நான் வரலைங்க.”

அவன் சொன்னதில் தப்பில்லை. அந்த அணையில் முதலை உண்டு. ஆல்வின் சிரித்துக்கொண்டு, ஒரு சின்ன ரவுண்டு போய் வந்துவிடுகிறேன் என்று தனியாகவே தள்ளிக்கொண்டு ஏறினான். மணி நாலு நாற்பது.

பாய் காற்றை வாங்கியதும் படகு தெற்கே பாய்ந்தது. வலது பக்கம் மேற்கு, காற்று வருகிற திசை. அந்த மாதிரிப் படகில் காற்று பலமாக அடித்தால், காற்று வருகிற பக்கத்து விளிம்பில் ஏறி உட்கார்ந்து உடம்பை வெளியே சாய்க்க வேண்டும். ஆள் எடைதான் படகைக் கவிழாமல் பிடித்துக்கொள்ளும். அதற்காகத்தான் இரண்டு பேர். ஒருவன் மட்டும் இருந்து, எடை போதவில்லை என்றால், பாய்க் கயிற்றைத் தளர்த்திக் காற்றை விட்டுவிட வேண்டியதுதான்.

நடு அணைக்கு வந்தபோது காற்று திடீரென்று இரண்டு மடங்கானது. மலை இடுக்கிலிருந்து ‘ஹோ’வென்று இறங்கியது. படகு இடது பக்கம் சாய்ந்தது. ஆல்வின் வலது விளிம்பில் உட்கார்ந்து முடிந்தவரை வெளியே சாய்ந்தான். போதவில்லை. கயிற்றைத் தளர்த்தக் கையை அசைத்தான்.

அதற்குள் படகு தானாக நிமிர்ந்தது.

காற்று குறையவில்லை. பாய் விறைத்துக்கொண்டு நின்றது. ஆனால் படகு தரையில் வைத்த பலகை மாதிரி நேராக ஓடியது. அவனுக்குப் பக்கத்தில் வலது விளிம்புப் பலகை மட்டும் நாலு விரல் அமுங்கியிருந்தது. மரம் ‘கிர்ர்ர்...’ என்று முனகியது.

நல்லதாகப் போயிற்று என்றுதான் முதலில் நினைத்தான். நேவியில் பத்து வருடம் இருந்தவன், எதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துவிடுவான். அலையின் வேலையாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அப்போது ஒரு பெரிய அலை மோதி உடம்பு முழுக்கத் தண்ணீர் அடித்தது. சட்டை, தலை, பலகை எல்லாம் நனைந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் பார்த்தான்.

தன் தொடையை ஒட்டி, விளிம்புப் பலகையில் ஓர் இடம் மட்டும் நனையவில்லை.

ஓர் ஆள் உட்காருகிற அகலம்.

அடுத்த அலை அடித்தது. சுற்றிலும் தண்ணீர் வழிந்தது. அந்த இடம் காய்ந்தே இருந்தது...

ஆல்வினுக்குப் பயம் வந்துவிட்டது. போதும், கரைக்குப் போய்விடலாம் என்று சுக்கானைத் தள்ளிப் படகைத் திருப்பினான். முனை காற்றுக்கு நேராக வந்தது. திரும்பிவிட்டால் காற்று இடது பக்கம் வரும். எடையும் இடது பக்கம் மாற வேண்டும். அவன் குனிந்து இடது பக்கம் தாவினான்.

வலது பக்கம் இருந்த எடை நகரவில்லை.

பாயும் வலது பக்கம், அந்த எடையும் வலது பக்கம். படகு வலது பக்கமாகச் சரிந்து, தண்ணீர் ‘களக்... களக்...’ என்று உள்ளே ஏறியது. பதறிப்போய்ப் பழைய திசைக்கே திருப்பினான். படகு நிமிர்ந்தது. மறுபடியும் தெற்கே ஓடியது.

கயிற்றைத் தளர்த்திப் பார்த்தான். காற்று பாயை விட்டதும் வலது விளிம்பு தண்ணீருக்குள் போனது. உடனே இழுத்துப் பிடித்தான். பாயை இறக்கலாம் என்றால், சுக்கானை விட்டுவிட்டுப் பாய்மரத்தின் அடிக்குப் போக வேண்டும். அந்தக் காற்றில் முடியாது. குதிக்கலாம் என்றால் முதலை.

காற்றை விட்டால் பக்கத்தில் இருப்பது கவிழ்க்கும். திரும்பினாலும் கவிழ்க்கும். நேராகப் போகத்தான் முடியும்.

நேரே பார்த்தான். அணை குறுகிக்கொண்டே வந்தது. அதன் கோடியில் பாறை. பாறைக்குப் பின்னால் காடு. பத்து நிமிடம்கூட இல்லை.

திரும்பிக் கரையைப் பார்த்தான். பஷீர் ஒரு புள்ளியாகத் தெரிந்தான். கத்தினாலும் கேட்காது. தான் டூட்டியில் இருப்பதாக வீட்டில் நினைத்துக்கொண்டிருப்பார்கள் என்ற நினைப்பு வந்ததும் ஆல்வினுக்கு அழுகை வந்துவிட்டது. தெரிந்த ஜெபத்தையெல்லாம் சொன்னான்.

பக்கத்தில் மரம் முனகியது. கிர்ர்ர்...

பாறை நெருங்கியது.

மணி ஐந்து பத்து.

கொச்சியில் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. படகைத் திருப்புமுன் சுக்கான் பிடித்தவன் கூட இருப்பவனுக்குக் குரல் கொடுக்க வேண்டும். அவன் தயார் என்று சொன்ன பிறகுதான் திருப்ப வேண்டும். தனியாக வந்தவன் யாருக்குக் குரல் கொடுப்பான்? அதனால்தான் அவன் கொடுக்கவில்லை.

பக்கத்தில் பார்க்காமல் கத்தினான்.

“திருப்பப் போறேன்... ரெடியா?”

காற்று.

அலை.

பிறகு, அவன் தொடைக்குப் பக்கத்தில், மரத்தில்...

டொக். டொக்.

சுக்கானைத் தள்ளினான். முனை திரும்பியது. பாய் படபடவென்று அடித்துக்கொண்டு மறுபக்கம் போனது. ஏதோ ஒன்று அவன் முழங்காலை உரசிக்கொண்டு கடந்தது.

சில்லென்று இருந்தது.

இடது விளிம்புப் பலகை நாலு விரல் அமுங்கியது. படகு நேராக நின்றது. ஓடியது.

கரை வரும்வரை ஆல்வின் தலையைத் திருப்பவே இல்லை. வழியில் இன்னும் இரண்டு முறை திருப்ப வேண்டியிருந்தது. இரண்டு முறையும் குரல் கொடுத்தான். இரண்டு முறையும் தட்டல் கேட்டது.

பஷீர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் படகைப் பிடித்துக்கொண்டான். அவ்வளவு காற்றில் படகு கொஞ்சம்கூடச் சாயாமல் எப்படி வந்தது என்று அவனுக்கு ஆச்சரியம். ஆல்வின் படகைக் கரையில் ஏற்றி அப்படியே விட்டுவிட்டு, பஷீரை டெம்போவில் அனுப்பிவிட்டு, ஈரத் துணியோடு பைக்கை எடுத்தான். வீட்டுக்குப் போகவில்லை. நேராக உடுமலைக்கு, நரசிம்மலுவின் வீட்டுக்குப் போனான்.

பெரியவர் கோவைக்குப் போயிருந்தார். வாசலுக்கு வந்தது அவருடைய மனைவி லட்சுமியம்மாள். குடோனில் இருந்த படகைப் பற்றிக் கேட்க வந்தேன் என்றதுமே அந்தம்மா படியில் உட்கார்ந்துவிட்டார். படகை வெளியே கொடுத்ததே அவருக்குத் தெரியாது. ஒன்பது வருடமாக அதை யாரும் தொடக்கூடாது என்று பூட்டி வைத்திருந்தார்களாம்.

அது அவர்களுடைய ஒரே மகன் சென்னகிருஷ்ணனின் படகு. சென்னையில் படித்தபோது வாங்கியது. ஆடிக் காற்றில் அதே அணையில் ஒரு நண்பனோடு போயிருக்கிறான். நண்பன் சுக்கான் பிடிக்க, மகன் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். காற்றைப் பார்த்துப் பயந்துபோன நண்பன் சட்டென்று திருப்பிவிட்டான். படகு கவிழ்ந்தது. நண்பன் படகைப் பிடித்துக்கொண்டு பிழைத்தான். மகனின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை.

“திருப்பறேன்னு ஒரு வார்த்த சொல்லலைங்க தம்பி. சொல்லியிருந்தா நகந்திருப்பான். சொன்னாக் கேக்கற பையனுங்க அவன்.”

ஆல்வின் அணையில் நடந்ததை எல்லாம் சொன்னான். மரத்தில் கேட்ட தட்டலைச் சொன்னபோது அந்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

“கரைக்கு வந்ததும் அவன எறங்கச் சொன்னீங்களா?”

“...இல்லைங்கம்மா.”

லட்சுமியம்மாள் எழுந்தார். ஆல்வினைத் தாண்டி வெளியே பார்த்தார். கேட்டுக்கு வெளியே, தெருவிளக்குக்குக் கீழே, அவனுடைய பைக் சைடு ஸ்டாண்டில் நின்றது. அதன் பக்கத்தில் யாருமில்லை.

“வந்துட்டியா கண்ணு... எறங்கி வா.”

கிரீச்...

அதுவரை அமுங்கியிருந்த பைக்கின் பின் சீட் மெல்ல மேலே எழும்பி நின்றது.

அந்தம்மா போய்க் கேட்டைத் திறந்தார். ஓர் ஆள் உள்ளே வருகிற நேரம் காத்திருந்தார். பிறகு கேட்டை மூடிவிட்டு, ஆல்வினை வாசலிலேயே விட்டுவிட்டு, வீட்டுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.