விழுந்த இடத்தில், விழுந்தபடி

அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. உதவி செய்தவர் மீது என்ன கோபம் என்று கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ரொக் குரோலர் என்பது முழங்கையளவு நீளமான, ரிமோட்டில் ஓடும் வண்டி. வேகமாக ஓடாது. மெத்தென்ற பெரிய டயர்களால், நண்டு கல்லேறுவது போல, ஒவ்வொரு சில்லாகப் பிடித்துப் பாறையில் ஏறும். எங்கள் வீட்டில் படிப்பை முடித்த முதல் ஆள் நான். வேலைக்குப் போய், என் சம்பளத்தில், கட்டாரிலிருந்து காத்தான்குடிக்குத் திரும்பிவந்த ஒருவரிடம் அதைப் பழையதாக வாங்கினேன். உடைந்திருந்த அச்சை நானே மாற்றினேன். "ஒரு சோடி காப்பு வாங்கியிருக்கலாமே, புள்ள" என்று அக்கா அடிக்கடி சொல்வாள். ஆனாலும் உன்னிச்சையில் குரோலர் போட்டி என்றதும் அவள்தான் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனாள்.

உன்னிச்சைக் குளத்துக்கு அப்பால், பாறைகளுக்கு நடுவே பதினைந்து பேர் அளவில் நின்றார்கள். எல்லோரும் ஆண்கள்.

"தம்பிக்காகக் கொண்டு வந்தீங்களா, தங்கச்சி?" என்று நடுவர் கேட்டார்.

"எனக்காக."

"நீங்களா ஓட்டப்போறீங்க?"

"பின்ன, அக்காவா?"

அக்கா சத்தமாகச் சிரித்தாள்.

நடுவர் ஒலிபெருக்கியில் விதியைச் சொன்னார். வண்டி கவிழ்ந்தாலும் சிக்கினாலும் ரிமோட்டால்தான் மீட்க வேண்டும். கை பட்டால் புள்ளி வெட்டப்படும். எனக்குப் பரிசு பற்றிய எண்ணமே இல்லை. கை படாமல் உச்சிக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். அதற்காக வீட்டுக்குப் பின்னாலுள்ள கற்களில் மாதக்கணக்காகப் பழகியிருந்தேன்.

பாதிப் பாறையில் என் வண்டி இடப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. நான் பதறவில்லை. முன்சில்லுகளை முழுதாகத் திருப்பி, விட்டுவிட்டு விசை கொடுத்தால், சில்லு பக்கத்துக் கல்லைப் பிடித்து வண்டியை நிமிர்த்திவிடும். எனக்கு முன்னால் ஓட்டிய இருவரின் வண்டிகளும் இப்படித்தான் விழுந்தன. அப்போது எல்லோரும் கைகளைக் கட்டிக்கொண்டு, "விடு மச்சான், எழும்பும்" என்று சத்தம் போட்டார்கள்.

என் வண்டியின் சில்லு கல்லைத் தேடத் தொடங்கியதும், நீலத் தொப்பி போட்ட போட்டியாளர் ஒருவர் பாய்ந்து வந்தார்.

"ஐயோ தங்கச்சி, பொறுங்க, நான் எடுத்துத் தாறன்!"

வண்டியைத் தூக்கி நிமிர்த்தி வைத்துவிட்டு, நன்றிக்காகக் காத்திருப்பவர் போல என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"கை பட்டுட்டு. புள்ளி வெட்டு" என்றார் நடுவர்.

"யாருட கை?"

"யாருட கையெண்டா என்ன, தங்கச்சி? பட்டது பட்டதுதானே."

தொப்பிக்காரர் முகம் வாடிப்போனார். "உதவிதானே செஞ்சன். இதுக்குப் போய்க் கோவிக்கிறீங்களே."

"நான் கேட்டனா?"

"பொம்புளப் புள்ளயெண்டு பாவம் பார்த்தா, பாயுது" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார்.

நடுவர் இரங்கினார். "சரி, புள்ளி வெட்டல்ல. வண்டி நிமிந்துதானே நிக்குது, அப்பிடியே ஓட்டுங்க."

அதுதான் என்னை இன்னும் எரித்தது. விழுந்தவர்கள் எல்லோருக்கும் எழும்பிப் பார்க்க வாய்ப்பு இருந்தது. என்னிடமிருந்து மட்டும் அதைப் பிடுங்கிவிட்டுச் சலுகை தருகிறார்கள். தொழில்நுட்ப வகுப்பில் என் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரை வாங்கி, தாங்களே பூட்டித் தந்த பையன்கள் நினைவுக்கு வந்தார்கள். அவர்களும் நல்லவர்கள்தான். அந்த வேலையை நான் பழக ஒரு வருடம் பிந்தியது.

"எனக்கு வண்டி விழுந்தபடி வேணும்" என்றேன். "விழுந்த இடத்தில, விழுந்தபடியே வைங்க. அவரே வைக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கி வந்தாள். "என்ன சிரிப்பு? எடுத்தவர் வைக்கட்டுமே. அதில என்ன பிழை இரிக்கு?"

தொப்பிக்காரர் குழந்தையைக் கிடத்துவது போல வண்டியை வலப்பக்கமாகக் கிடத்தினார்.

"அந்தப் பக்கமில்ல" என்றேன்.

"மற்றப் பக்கம் கிறுக்கி வைங்க, தம்பி" என்றாள் அக்கா.

திருப்பி வைத்தார். நான் விசை கொடுத்தேன். முன்சில்லு கல்லைப் பிடித்தது. வண்டி பாதி எழுந்தது. பிறகு பிடி நழுவிப் பாறையின் மறுபக்கத்தால் உருண்டு மணலில் விழுந்து, மல்லாந்து கிடந்தது. தொப்பிக்காரரின் கை தானாக முன்னே நீண்டது. உடனே அதை இழுத்துக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"பரவாயில்ல தங்கச்சி, இன்னொருக்கா..." என்று நடுவர் தொடங்கினார்.

நான் இறங்கிப்போய் வண்டியை எடுத்து மணலைத் தட்டினேன்.

"இது என்ட கை. இப்ப வெட்டுங்க."

யாரோ கைதட்டத் தொடங்க, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். முன்னே விழுந்தவர்களுக்கு யாரும் கைதட்டவில்லை. அதனால் அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. கைதட்டல் ஓயும்வரை பாறையடியில் நின்றேன்.

"வெட்டுங்க" என்று மறுபடியும் சொன்ன பிறகுதான் நடுவர் வெட்டினார்.