நண்டுக்கு விட்ட வயல்

எங்கள் பக்கத்தில் வயல் செய்கிறவர்களுக்கு நண்டைக் கண்டால் ஆகாது. வரம்பில் பொந்து போட்டுத் தண்ணீரை ஒழுகவிடும். முளைத்து வரும் பயிரை அடியோடு கத்தரிக்கும். விதைப்புக் காலத்தில் ஆளாளுக்குக் குனிந்து நண்டுப் பொந்து தேடித் திரிவார்கள். அப்படிப்பட்ட இடத்துக்கு, ஈரச் சாக்கில் சுற்றி, வாகனம் பிடித்து, நண்டைக் கொண்டுவந்து விட்ட ஒரே மனிதன் நான். நாலு புத்தகம் கூடுதலாகப் படித்தவனுக்குத்தான் இந்த மாதிரி யோசனை வரும்.

வயல் நாவிதன்வெளிப் பக்கம். மனைவியின் சீதனம். கல்முனையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவார். நானும் ஒரு சூட்கேசோடு போனவன். வீடு அவளுடையது, வளவு அவளுடையது. அலுமாரியில் ஒரு தட்டும் புத்தகங்களும் என்னுடையவை. இது நான் உண்டாக்கியது என்று கை நீட்டிக் காட்ட ஏதாவது ஒன்று வேண்டும்போல் இருந்தது. அது ஏன் நண்டாகப் போனது என்று கேட்டால், கைப்பேசியில் பார்த்த நண்டு வளர்ப்புக் காணொளி என்பதைத் தவிர மரியாதையான பதில் இல்லை.

நண்டுக் குளம் தோண்ட, வயலின் பள்ளமான மூலையை மனைவி தந்தாள். "தோண்டுங்க. ஆனா வரம்பு உடைஞ்சா மூடிருவம். பொறகு கதை இல்ல."

பக்கத்து வயல்காரர், பாண்டிருப்புத் தமிழர், எங்கள் ஆண்களை அண்ணன் முறையில் 'காக்கா' என்பவர், இன்னொரு நிபந்தனை வைத்தார். "காக்கா, உப்புத் தண்ணி மட்டும் கொண்டாரப்படாது. என்ட வெள்ளாம கருகிரும்."

ஆகவே களப்பின் உப்புத் தண்ணீரில் பிடித்த நண்டுகளைத் தொட்டியில் விட்டு, வாய்க்கால் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, நன்னீருக்குப் பழக்கினேன். பாதி பழகின. பழகாத பாதியைப் பழகிய பாதி தின்றது.

பிறகு, வேலை. விடிந்ததும் சந்தையில் மீன் கழிவு அள்ளி, அரிந்து, குளத்தில் போட்டு, தின்னாமல் விட்டதை மறுபடி அள்ளி. குளித்தும் வாடை போகவில்லை. பள்ளியில் ளுஹர் என்ற நண்பகல் தொழுகையில் பக்கத்தில் நின்றவர், தக்பீர் கட்டித் தொழுகை தொடங்குமுன் அடுத்த ஸப்பு வரிசைக்கு நகர்ந்தார். தோளோடு தோள் சேர்ந்து நிற்க வேண்டிய இடத்தில் எனக்கு மட்டும் விசாலமாகக் கிடைத்தது.

மனைவியின் தம்பி அடிக்கடி வேடிக்கை பார்க்க வருவான்.

"என்ன மச்சான், ஊரே நண்டுக்கு மருந்து தேடுது, நீங்க சாப்பாடு தேடுறீங்க!"

"அது வேற நண்டு, இது வேற நண்டு."

"வரம்புக்கு அது வெளங்குமா மச்சான்?"

நான் கவலைப்படவில்லை. நண்டு ஏறித் தப்பும் என்று படித்திருந்ததால் குளத்தைச் சுற்றித் தகரம் அடித்திருந்தேன். அது கீழாலும் போகும் என்பது, நண்டுப் பொந்தில் கால் மாட்டி மாட்டியே வளர்ந்த எனக்கு ஞாபகம் வரவில்லை.

விதைத்த பயிர் தலைகாட்டிய ஒரு காலையில் பக்கத்து வயல்காரர் அழைத்தார். குரலில் கோபமில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"காக்கா, உங்கட குளம் என்ட வயலுக்க கிடக்கு. நண்டும் நிக்கிது. ஒருக்கா வாங்க."

மனைவியும் வந்தாள். வரம்பு உடைந்த இடத்தில் ஓர் ஆள் நீட்டிப் படுக்கலாம். தகரம் மட்டும் ஒரு சேதமுமில்லாமல் வெறுங்குளத்தைக் காவல் காத்து நின்றது.

"அண்ணன், யோசிக்காதீங்க. எங்கட ஆக்கள் வந்து திரும்ப வெதச்சித் தருவாங்க. புடிக்கிற நண்டெல்லாம் உங்களுக்கு" என்றாள் மனைவி.

"நண்டு எனக்கு என்னத்துக்குத் தங்கச்சி..." அவர் தலையைச் சொறிந்தார். "சரி, ஊட்டில ஆக்குவாங்கதான்."

என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கடைசியில் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"இன்னும் ஒரு போகம் பாத்தா..." என்று தொடங்கினேன்.

"நான் என்ன செல்லினன்?"

"வரம்பு உடைஞ்சா மூடுறதெண்டு."

"ஓம்."

ஆள் பிடிக்கலாம் என்றாள். நானே மூடுகிறேன் என்று மண்வெட்டியை எடுத்தேன். என்னுடையது என்று காட்ட இருந்தது அந்தக் குழி ஒன்றுதான். அதை இன்னொருவர் மூடுவது ஏனோ பிடிக்கவில்லை. அவள் வரம்பில் குந்தியிருந்து பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணீர் ஊற்றி வைத்தாள். அது ஆறிப்போனது.

"மெதுவா வெட்டுங்க. இடுப்புப் புடிச்சிரும்."

பிடித்தது. பொழுது சாயும்போது, புதிய வரம்பை மிதித்து இறுக்கிக்கொண்டிருந்தேன். காலடியில் ஈரமண் தள்ளிய ஒரு பொந்து. உள்ளே கொடுக்கின் நுனி.

"ஒண்டு இரிக்கி" என்றேன். "தோண்டவா?"

அவள் வரம்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீங்க தோண்டினது போதும். மண்ணப் போட்டு மூடிப்போட்டு வாங்க, ஊட்ட போவம்."

குதிகாலால் அமுக்கி மூடினேன். விடியுமுன் பொந்து திறந்துவிடும் என்பது, நண்டையும் சேர்த்து, எங்கள் மூவருக்கும் தெரியும்.