காது ஆறும் வரை ஆன்லைனில் படிக்கலாம்

மலாபாஸ்குவா தீவுக்கு மரிவிக் குல்ஃபான் வந்தது பத்தொன்பது வயதில், விடுதி அறைகளில் படுக்கை விரிப்பு மாற்றுவதற்கு. அங்கிருந்த டைவிங் கடையில், தண்ணீருக்குள் போடும் ரப்பர் உடைகளை அலச அவளைப் போட்டார்கள். பிறகு சிலிண்டர் தூக்கினாள். பிறகு கடலுக்குள் இறங்கினாள். முப்பத்தெட்டு வயதில் அதே கடையின் மூத்த பயிற்சியாளர் அவள்தான். பயந்து நடுங்குகிறவர்களைத் தண்ணீருக்குள் கண்ணாலேயே அமைதிப்படுத்துவாள். அவளைக் கேட்டு வருகிறவர்கள் செபு நகரத்திலிருந்தெல்லாம் உண்டு.

அவளுக்கு வராத ஒரே வேலை, விற்பது. அதையும் கற்றுக்கொடுக்க ஆள் வந்தான்.

போன மார்ச்சில் டைவிங் சான்றிதழ் வழங்கும் நிறுவனத்திலிருந்து ஒருவன் வந்து, தீவின் பயிற்சியாளர்களை எல்லாம் ஏசி அறையில் உட்காரவைத்து ஒரு நாள் முழுக்கப் பேசினான். மீனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நீரோட்டத்தைப் பற்றி இல்லை. "முதல் சான்றிதழ் கார்டு வாங்கினவன் முகத்துல மாஸ்க் தடம் மறையறதுக்குள்ள அடுத்த கோர்ஸைப் பேசிடுங்க. வேணுமா வேணாமான்னு கேக்காதீங்க. காலையிலயா மத்தியானமான்னு கேளுங்க" என்றான். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். மரிவிக்கும் எழுதிக்கொண்டாள்.

ஏப்ரலில் எப்ரேன் வந்தார். ஓர்மோக் நகரத்தில் தபால்காரர், ஐம்பத்து நாலு வயது. நீளவால் சுறாவை நேரில் பார்க்க வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. நான்கு நாள் பயிற்சியில் முதல் கார்டை வாங்கிவிட்டார். கடைசி நாள் வரை மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்தால் கண்ணை இறுக மூடிக்கொண்டு அவள் கையைத் தேடுகிற மனிதர். பத்துப் பன்னிரண்டு முறை சும்மா ஆழமில்லாத இடத்தில் நீந்தினால் சரியாகிவிடும். அவளுக்கு அது தெரியும்.

கடை மேலாளர் ரோவெல் மணிலாக்காரன். கடல் தண்ணீர் அவன் கணுக்காலுக்கு மேல் ஏறி யாரும் பார்த்ததில்லை. சுறாவைப் பார்க்க எப்போது போகலாம் என்று எப்ரேன் கேட்டதும், சுவரில் இருந்த பலகையைக் காட்டினான். 'சுறா பார்க்க அட்வான்ஸ்டு சான்றிதழ் அவசியம்.'

"உங்க கார்டு பதினெட்டு மீட்டர் ஆழத்துக்குத்தான் சார். ரெண்டே நாள், அஞ்சு டைவ். நம்ம அக்காவே கூட வருவாங்க."

எப்ரேன் மரிவிக்கின் முகத்தைப் பார்த்தார். "என்னால முடியுமா தங்கச்சி?"

வேண்டாம் அண்ணே என்று சொல்லியிருக்கலாம். அவள் வாயில் வந்தது வேறு. "காலையில போலாமா, மத்தியானமாண்ணே?"

அந்தச் சுறாக்கள் ஒரு காலத்தில் முப்பது மீட்டர் ஆழத்துக்குத்தான் வரும். அப்போது எழுதிய பலகை அது. சில வருடங்களாக அவை வேறொரு கடலடி மேட்டுக்கு மாறிவிட்டன. அங்கே பன்னிரண்டு மீட்டரில் நிம்மதியாகச் சுற்றுகின்றன. தீவில் படகு கழுவுகிறவனுக்குக்கூட இது தெரியும். சுறா மாறியது; பலகை மாறவில்லை. மாற்றினால் அட்வான்ஸ்டு கோர்ஸை யார் வாங்குவார்கள்?

ஐந்தாவது டைவ், ஆழத்துக்கு இறங்குவது. பதினைந்து மீட்டரில் எப்ரேனுக்குக் காது வலித்தது. அவர் கையைக் காட்டி நிறுத்தச் சொல்லவில்லை. பணம் கட்டியாயிற்று, பாதியில் திரும்பினால் சுறா கிடையாது என்று பல்லைக் கடித்துக்கொண்டார். இருபத்தாறில் செவிப்பறை கிழிந்தது. குளிர்ந்த தண்ணீர் உள்ளே போனதும் தலை கிறுகிறுத்தது. எது மேல், எது கீழ் என்று தெரியாமல், வாயிலிருந்த காற்றுக்குழாயைப் பிடுங்கிவிட்டு மேலே பாய்ந்தார். மூச்சை அடக்கிக்கொண்டு அந்த ஆழத்திலிருந்து மேலே போனால் நுரையீரல் கிழிந்துவிடும்.

மரிவிக் அவர் இடுப்பு வாரைப் பிடித்துத் தொங்கினாள். அவர் மார்பில் உதைத்தார். தன் கழுத்தில் கிடந்த உபரிக் குழாயை அவர் வாயில் திணித்து, ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் மிதவை உடுப்பின் காற்றை வெளியேற்றி, அங்குலம் அங்குலமாக மேலே கொண்டுவந்தாள். படகோட்டி நோனோய் இரண்டு பேரையும் இழுத்துப் போட்டபோது எப்ரேனின் மாஸ்க்குக்குள் ரத்தம் இருந்தது.

போகோ ஆஸ்பத்திரிக்குப் போகும் படகில், துண்டால் காதைப் பொத்தியபடி எப்ரேன் கேட்டார். "அந்தச் சுறா எவ்வளவு ஆழத்துல இருக்கும் தங்கச்சி?"

அவள் நோனோயைப் பார்த்தாள். அவன் தலையைத் திருப்பிக்கொண்டான்.

"பன்னெண்டு மீட்டர்ண்ணே. சில நாள் பத்து."

எப்ரேன் துண்டை எடுத்து, அதில் இருந்த ரத்தத்தைப் பார்த்தார். பிறகு, "அப்புறம் என்னத்துக்கு என்னை அங்க கூட்டிட்டுப் போனே?" என்றார். கோபமே இல்லாமல் கேட்டார். அவர் கத்தியிருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும்.

மறுநாள் ரோவெல் மேஜைமேல் ஒரு தாளை நகர்த்தினான். "கையெழுத்துப் போடுங்கக்கா. அவரு பாஸ்."

"யாரு பாஸ்?"

"பதினெட்டைத் தாண்டினா ஆழ டைவ் கணக்கு. அவரு இருபத்தாறு தொட்டாரு. விதி அதான்."

"மனுஷன் செத்திருப்பாரு ரோவெல்."

"சாகலைல்ல? இன்னொண்ணு யோசிச்சேன். தண்ணிக்குள்ள பதட்டம்னா என்னன்னு அவருக்கு இப்ப தெரியும். அடுத்தது மீட்புப் பயிற்சிதானே? அதுக்கு இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பாரா?"

அவள் அவனையே பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தாள். அவன் மீட்புப் பயிற்சியின் விளம்பரத் தாளைக் கையில் வைத்திருந்தான்.

"காது கிழிஞ்சு கிடக்குடா அவருக்கு!"

"காது ஆறுற வரைக்கும் ஆன்லைன்ல படிக்கலாமேக்கா. முதல் பாதி தியரிதான்."

மரிவிக் தாளை எடுத்து நாலாகக் கிழித்து அவன் காபிக் கோப்பையில் போட்டாள். கவுண்டரில் ஒரு இளம் தம்பதி, தோளில் பையோடு, பலகையைப் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் போனாள்.

"உங்ககிட்ட முதல் கார்டு இருக்கா?"

"இருக்கு. ஆனா இங்க போட்டிருக்கே..."

"அது பொய். சுறா பன்னெண்டு மீட்டர்ல இருக்கு. இந்தக் கார்டே போதும். இன்னும் நாலு கோர்ஸ் விப்பாங்க, ஒண்ணையும் வாங்காதீங்க. நிறைய டைவ் பண்ணுங்க. டைவ் பண்ணிப் பண்ணித்தான் வரும், கார்டு வாங்கி வராது."

"அக்கா, வெளிய போங்க!" ரோவெல் எழுந்துவிட்டான்.

"வேலை ஆகணும்னாதான் உனக்கு நான் அக்கா. பத்தொன்பது வருஷம் இந்தக் கடைக்கு உழைச்சிருக்கேன். நான் போறேன். நீ என்னிக்காவது ஒரு நாள் இருபத்தாறு மீட்டர் இறங்கிப் பாரு."

அன்றோடு வேலை போயிற்று. எப்ரேனுக்காக எடுத்த புதிய தாளில் இன்னொரு பயிற்சியாளர் கையெழுத்துப் போட்டார். அவருக்கு மூன்று பிள்ளைகள், மரிவிக் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை.

நடந்ததை எல்லாம் எழுதி நிறுவனத்துக்கு அனுப்பினாள். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. விதிமீறல் எதுவும் இல்லை, தங்கள் அக்கறைக்கு நன்றி. அதுதான் அவளை அதிகமாகச் சுட்டது. அவர்கள் பொய் சொல்லவில்லை. நாலு நாள் பழகிய மனிதரை முப்பது மீட்டருக்கு இறக்குவதற்கு அவர்கள் விதியிலேயே இடம் இருந்தது. விற்பதற்குத் தோதாக எழுதிய விதியை எவன் மீற வேண்டும்?

அதே வாரம் இன்னொரு மின்னஞ்சல்: பயிற்சியாளர் தகுதியை அடுத்த படிக்கு உயர்த்திக்கொள்ளுங்கள், இந்த மாதம் மட்டும் சலுகை. நோனோயின் படகில் உட்கார்ந்து அதைப் படித்தவள், தென்னை ஓலைப் பொட்டலத்தில் வெந்த சோற்றை வாயில் வைத்துக்கொண்டே ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். நோனோய் அவள் வாயிலிருந்து அப்படி ஒன்றைக் கேட்டது அன்றுதான்.

நிறுவனத்துக்கான வருடச் சந்தாவை அவள் கட்டவில்லை. ஜனவரியோடு பாடம் நடத்தும் உரிமை போனது. இப்போது வழிகாட்டியாக மட்டும் கடலில் இறங்குகிறாள். முன்பு வந்ததில் பாதிகூட வருமானம் இல்லை. எப்ரேனை இனி டைவிங் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சுறாவை அவர் பார்க்கவேயில்லை. அவருடைய அட்வான்ஸ்டு கார்டு மட்டும் ஓர்மோக்குக்குத் தபாலில் போய்ச் சேர்ந்தது. அவர் தபால் பையிலேயே வந்ததாம்.